தையல் மிஷினில் பிறந்த ரத்தக் குழாய்

உங்கள் வீட்டில் தையல் மிஷின் இருக்கிறதா? கல்யாணச் சீராக வந்த மிஷினாக இருக்கலாம்; மாதத் தவணையில் வாங்கியதாக இருக்கலாம். இப்போது அதன்மேல் துணியை விரித்து, பூச்சாடி வைக்கும் மேஜையாக மாற்றிவிட்டீர்கள் என்றாலும் பாதகமில்லை. அடுத்த தடவை அதைத் துடைக்கும்போது கொஞ்சம் மரியாதையாகத் துடையுங்கள். மனிதனுடைய மார்புக்குள் இருக்கிற மிகப் பெரிய ரத்தக் குழாய் பழுதானால், அதை வெட்டி எடுத்துவிட்டு வேறு குழாய் வைத்துத் தைக்கிறார்களே, அந்த மாற்றுக் குழாய்களின் மூதாதை ஒரு வீட்டுத் தையல் மிஷினில்தான் பிறந்தது!

கதை நடந்தது 1950-களின் ஆரம்பத்தில், அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில். மைக்கேல் டிபேக்கி என்ற ரண சிகிச்சை நிபுணர் நைலான் துணி வாங்குவதற்காக ஒரு பெரிய ஜவுளிக் கடைக்குப் போனார். நைலான் தீர்ந்துவிட்டது என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். டேக்ரான் என்று புதுத் துணி ஒன்று வந்திருக்கிறது, வேண்டுமானால் அதை எடுத்துப் போகலாம் என்றார்கள். டாக்டர் ஒரு கஜம் கிழித்துக் கொடுக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் மனைவியின் தையல் மிஷினில் உட்கார்ந்து, இரண்டு துண்டாக வெட்டி, ஓரங்களைச் சேர்த்து அடித்து ஒரு குழாயாக்கினார். டாக்டருக்குத் தையல் எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவருடைய தாயார் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தவர். பிள்ளையும் அந்தத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான்!

டேக்ரான் என்றவுடன் ஏதோ அதிசய வஸ்து என்று எண்ண வேண்டாம். அந்தக் காலத்தில் நம் தகப்பனார்கள் மடிப்புக் கலையாமல் போட்டுக் கொண்டு அலைந்த டெரிலின் சட்டையும் அதே ஜாதிதான். மக்காது, எளிதில் கிழியாது, உடம்பு அதைத் தள்ளாமல் ஏற்றுக் கொள்கிறது. பிற்பாடு பிலடெல்பியா நெசவுக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் தையலே இல்லாமல் குழாயைப் பின்னுவதற்குத் தனி யந்திரம் செய்து கொடுத்தார். இன்றைக்குப் பெரும்பாலான ஆபரேஷன்களில் வைக்கப்படும் குழாய் அந்த வம்சத்தைச் சேர்ந்ததே.

பூவன் பழப் பருமன்

அந்தக் குழாய் எதற்கு மாற்று? இருதயத்திலிருந்து புறப்படும் முதல் ரத்தக் குழாய்க்கு. டாக்டர்கள் 'அயோர்ட்டா' என்பார்கள். தமிழில் பெருந்தமனி. இருதயத்தின் உச்சியிலிருந்து மேலே ஏறி, கைத்தடியின் பிடியைப் போல வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிறது. அந்த வளைவிலிருந்துதான் மூளைக்கும் கைகளுக்கும் கிளைகள் பிரிகின்றன. ஆரம்பத்தில் அதன் குறுக்களவு சுமார் மூன்று சென்டிமீட்டர். ஒரு பூவன் வாழைப்பழப் பருமன் என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

இருதயம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தத்தை இதற்குள் தள்ளுகிறது. நாள் ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் ஏழாயிரம் லிட்டர்! கோடைக் காலத்தில் நம் தெருவுக்கு வருகிற தண்ணீர் லாரி ஒன்றை நிரப்பிவிடலாம். அதுவும் சும்மா ஓடுகிற தண்ணீரா? ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை அடித்து அடித்துத் தள்ளும் வேகம். ரத்தக் கொதிப்பு இருந்தால் ஒவ்வோர் அடியும் இன்னும் பலமாக விழும்.

இந்தக் குழாய்க்கு வருகிற வியாதி முக்கியமாக இரண்டு. ஒன்று வீக்கம். பழைய சைக்கிள் டியூபில் ஓரிடம் மெலிந்து புடைத்துக் கொள்கிறதே, அதைப் போல. இது வருஷக் கணக்கில் சத்தம் போடாமல் வளரும், வலி இராது. இன்னொன்று கிழிசல். பெருந்தமனியின் சுவர் மூன்று அடுக்கு கொண்டது. உள் அடுக்கில் ஒரு கீறல் விழுந்தால், ரத்தம் அதன் வழியாக அடுக்குகளுக்கு இடையில் புகுந்து பிளந்து கொண்டே போகும். ரவிக்கையில் உள்துணி தையல் விட்டால் மேல்துணியை விட்டுப் பிரிந்து கொண்டே போகிறதல்லவா? அதே சங்கதி. துணியானால் மறுபடி தைத்துக் கொள்ளலாம். இங்கே பிளவு பரவும் வழியில் மூளைக்கும், கைகால்களுக்கும், சிறுநீரகத்துக்கும் போகிற கிளைகள் அடைபடலாம். மேல் சுவரும் விட்டுப் போனால் ஆள் சில நிமிஷங்களில் முடிந்துவிடுவார்.

வாயுவா, வேறா?

இனி ஒரு கற்பனைக் காட்சி. அம்பத்தூரில் ஒரு வீடு. விடிகாலை ஐந்தரை மணி. வீட்டுக்காரருக்கு வயது ஐம்பத்திரண்டு. எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ரத்தக் கொதிப்பு உண்டு. ஆனால் மாத்திரை சாப்பிட்டால் சாப்பிட்டதுதான், மறந்தால் மறந்ததுதான். பல் தேய்த்துக் கொண்டிருந்தவர் திடீரென்று முதுகைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"இரண்டு தோள்பட்டைக்கும் நடுவிலே யாரோ கிழிக்கிற மாதிரி இருக்கு."

மாமியார் உள்ளேயிருந்து தீர்ப்புச் சொல்கிறார்: "ராத்திரி சாப்பிட்ட உருளைக்கிழங்கும் பட்டாணியும்தான்! வாயு. மோரிலே பெருங்காயத்தைக் கரைச்சுக் கொடும்மா."

பெருங்காய மோர் வருகிறது. வலி கொஞ்சம் இறங்கினாற்போலத் தோன்றுகிறது. பிறகு கழுத்துக்குப் போகிறது. பிறகு இடுப்புக்கு வருகிறது. இடம் மாறினால் வாயுதான் என்று வீட்டில் நிச்சயமே செய்து விடுகிறார்கள்!

நேயர்களே, பெருங்காயத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் இந்த வலியின் லட்சணங்களை மனத்தில் குறித்துக் கொள்ளுங்கள். வாயு வலி மெள்ள ஆரம்பித்து ஏறும். பெருந்தமனி கிழியும் வலி, பெரும்பாலும் ஆரம்பித்த அந்த நொடியிலேயே உச்சத்தில் இருக்கும். 'இன்ன வேலை செய்து கொண்டிருந்தேன், அப்போது வந்தது' என்று நோயாளியே சொல்லும்படி வரும். மார்பிலோ, தோள்பட்டைகளுக்கு நடுவிலோ தொடங்கி இடம் விட்டு இடம் போகலாம். சிலருக்கு மயக்கம் வரும், சிலருக்கு ஒரு கையில் நாடி குறைந்துவிடும், சிலருக்குக் கால் மரத்துப் போகும், பேச்சுக் குழறும்.

தாமதத்துக்கு என்ன விலை? இந்தக் கிழிசல் நோயாளிகளைப் பற்றிப் பல நாட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 1996 முதல் ஒரு சர்வதேசப் பதிவேடு வைத்து வருகின்றன. இருதயத்தை ஒட்டிய பகுதியில் கிழிசல் கண்டவர்களைப் பற்றி அந்தப் பதிவேட்டிலிருந்து 2022-ல் வெளிவந்த கணக்கு இது: மருந்து மட்டும் கொடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 24 பேர் முதல் 48 மணி நேரத்துக்குள் இறந்து போனார்கள். ஆபரேஷனுக்கு எடுத்துக் கொள்ளப்பட்டவர்களில் அதே நேரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு நாலைந்து பேர்தான். ஆபரேஷனைத் தாங்க மாட்டார்கள் என்று விடப்பட்டவர்களும் முதல் கணக்கில் சேர்ந்தவர்கள் என்பது வாஸ்தவம். இருந்தாலும் வித்தியாசத்தைப் பாருங்கள். இதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்களின் கணக்கு. மோர் குடித்துவிட்டுப் படுத்தவர்களுக்குக் கணக்கு ஏது?

டாக்டர்களும் ஏமாறுவது உண்டு. ஜோனதன் லார்ஸன் என்று நியூயார்க்கில் ஒரு நாடக ஆசிரியர். அவருடைய 'ரென்ட்' என்ற இசை நாடகம் மேடையேறும் சமயம். மார்பு வலியுடன் ஒரே வாரத்தில் இரண்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போனார். சாப்பாட்டு விஷம் என்றது ஒன்று. சாதாரணக் காய்ச்சல் என்றது மற்றொன்று. 1996 ஜனவரி 25-ந் தேதி வீட்டில் இறந்து கிடந்தார். வயது 35. பெருந்தமனி கிழிந்திருந்தது.

ஈ.ஸி.ஜி. எடுத்துப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். ஈ.ஸி.ஜி. இருதயத்தின் கதையைச் சொல்லும். அதிலிருந்து புறப்படும் குழாயின் கதையைச் சொல்லாது. மருந்து ஏற்றி எடுக்கும் ஸி.டி. ஸ்கான் படத்தில் கிழிசல் நன்றாகத் தெரிந்துவிடும். இன்னொரு விஷயம்: மாரடைப்புக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்கிறார்கள், கிழிசலுக்கு அதே மருந்து ஆபத்து. ஆகையால் 'வலி எந்த நொடியில், எப்படி ஆரம்பித்தது, எங்கே போயிற்று' என்று நீங்கள் டாக்டரிடம் தெளிவாகச் சொல்கிற இரண்டு வாக்கியம், பெரிய யந்திரங்களுக்குச் சமமான உபகாரம்.

குளிர வைத்துத் தைப்பது

ஆபரேஷன் என்றால் என்ன செய்கிறார்கள்? நடு மார்பெலும்பைப் பிளந்து இருதயத்தை நிறுத்துகிறார்கள். அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஒரு யந்திரம் வெளியே இருந்து பார்த்துக் கொள்கிறது. வீங்கின பாகத்தை, அல்லது கிழிந்த பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் டேக்ரான் குழாயை வைத்து, தலைமுடிபோல் மெல்லிய நூலால் சுற்றிலும் தைக்கிறார்கள். ரத்தம் கசியாமல் தைக்க வேண்டும். பல மணி நேரம் பிடிக்கிற வேலை.

மூளைக்குப் போகும் கிளைகள் பிரிகிற வளைவில் தைப்பதுதான் மிகவும் சிரமம். அங்கே தைக்க வேண்டுமானால் ரத்த ஓட்டத்தையே கொஞ்ச நேரம் நிறுத்தியாக வேண்டும். ரத்தம் இல்லாமல் மூளை சில நிமிஷம்கூடத் தாங்காதே! அதற்கு ஓர் உபாயம் கண்டார்கள். காய்கறியை ஐஸ் பெட்டியில் வைத்தால் வாடாமல் இருக்கிறது அல்லவா? அப்படியே நோயாளியின் ரத்தத்தைக் குளிர வைத்து, உடம்புச் சூட்டை 37 டிகிரியிலிருந்து 20, 25 டிகிரி வரையில் இறக்கிவிடுகிறார்கள். குளிர்ந்த மூளைக்குப் பிராணவாயு கொஞ்சம் போதும். அமெரிக்காவில் ராண்டால் கிரெப் என்ற டாக்டரின் குழு இந்த முறையில் வளைவை மாற்றியதாக 1975-ல் வெளியிட்ட செய்தி, மற்ற நிபுணர்களுக்கும் தைரியம் கொடுத்தது. மூளைக்கு மட்டும் தனியாக ரத்தம் அனுப்பும் ஏற்பாடும் பின்னால் சேர்ந்து கொண்டது.

படிப்படியாகத்தான் இவ்வளவும் வந்தன. டென்டன் கூலியும் டிபேக்கியும் இருதயத்துக்கு மேலே உள்ள பகுதியை யந்திரத்தின் உதவியுடன் மாற்றியது 1956-ல். குழாயுடன் இருதய வால்வையும் ஒரே பொருளாகத் தைத்து வைக்கும் முறையை லண்டனில் ஹ்யூ பென்டால் 1968-ல் பிரசுரித்தார். இன்றும் 'பென்டால் ஆபரேஷன்' என்றே பெயர். முதுகுப் பக்கம் இறங்குகிற பாகத்துக்கு இப்போது பல சமயம் மார்பைத் திறக்க வேண்டியதே இல்லை. தொடை வழியாக ஒரு மெல்லிய கம்பி செல்லும். அதன்மேல் குடைபோல் மடித்து வைத்த குழாயை உள்ளே செலுத்தி விரித்துவிடுகிறார்கள். அந்தப் பாகத்துக் கிழிசல் சிக்கல் இல்லாமல் இருந்தால், ரத்தக் கொதிப்பை அடக்கும் மருந்தே போதுமென்று நிறுத்திக் கொள்வதும் உண்டு.

பலன் எப்படி? ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கிழிந்த பிறகு அவசரமாகச் செய்யும் ஆபரேஷன் இன்னமும் பெரிய கண்டம்தான். நான் சொன்ன பதிவேட்டின்படி, ஆபரேஷன் செய்தும் ஆஸ்பத்திரியிலேயே இறந்தவர்கள் ஆரம்ப வருஷங்களில் நூற்றுக்கு 25 பேர்; ஏறக்குறைய பதினேழு வருஷத்தில் அது 18 ஆகக் குறைந்தது. பிழைத்தவர்களிலும் சிலருக்குப் பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு, கால் செயலிழப்பு நேருவது உண்டு. ஆனால் கிழிவதற்கு முன்பே வீக்கத்தைக் கண்டுபிடித்து, நாள் குறித்துச் செய்தால், பழக்கப்பட்ட இடங்களில் இறப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. சாதாரணமாகக் குறுக்களவு ஐந்தரை சென்டிமீட்டரை எட்டும்போது ஆபரேஷன் சொல்கிறார்கள். குடும்ப வாசி உள்ளவர்களுக்கு அதற்கு முன்பே.

அதே வியாதி, அதே குழாய், அதே தையல். முன்னால் தெரிந்ததா, பின்னால் தெரிந்ததா என்பதில்தான் இத்தனை வித்தியாசமும்!

நம்ம மேற்குப் பக்கம்

இதெல்லாம் ஹூஸ்டன், லண்டன் கதை; ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நிறைய உண்டு. ஆவடியில் ரயில் ஏறி அம்பத்தூர், கொரட்டூர், வில்லிவாக்கம் தாண்டினால் பெரம்பூர். அங்கே உள்ள ரயில்வே ஆஸ்பத்திரியில் 1975-ல் டாக்டர் கே. எம். செரியன் இருதயத்துக்கு 'பைபாஸ்' ஆபரேஷன் செய்தார். இந்தியாவில் அதுதான் முதல் என்று சொல்கிறார்கள். அடைபட்ட ரத்தக் குழாயைச் சுற்றி மாற்று வழி போடுகிற அந்த ஆபரேஷனில், காலிலிருந்து எடுத்த சிரையின் ஒரு முனையைத் தைப்பது எங்கே தெரியுமா? பெருந்தமனியில்தான்!

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கியபோது அந்தப் பக்கமெல்லாம் ஆலைச் சங்குதான் கேட்டிருக்கும். அதை ஒட்டிய முகப்பேர் இன்று இருதய சிகிச்சைக்குப் பெயர் போன இடமாகிவிட்டது. மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. அதன் இருதயப் பிரிவை வளர்த்த டாக்டர் செரியன் 2004-ல் அதே வட்டாரத்தில் ஃபிரான்டியர் லைஃப்லைன் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 2025 ஜனவரியில், தமது 82-வது வயதில் அவர் காலமானார். பூந்தமல்லிக்காரர்களுக்குப் போரூரில் ராமச்சந்திரா ஆஸ்பத்திரி கிட்டே. பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்துக் கிழக்கே போய்க் கொண்டே இருந்தால் அதன் கோடியில், சென்ட்ரலுக்கு எதிரே, அரசாங்க ஜெனரல் ஆஸ்பத்திரி. அங்கும் இருதய, மார்பு ரண சிகிச்சைக்குத் தனிப் பிரிவு உண்டு.

ஓர் ஆஸ்பத்திரியைச் சிபாரிசு செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவசரத்துக்கு எங்கே போவது என்பதை வலி வருவதற்கு முன்னமேயே வீட்டில் பேசி வைத்துக் கொள்ளலாம் என்பதற்காகச் சொல்கிறேன். 2008 முதல் ஓடும் 108 வண்டிக்குப் போன் செய்தால் காசு கேட்க மாட்டார்கள். செலவை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அரசாங்கக் காப்பீட்டு அட்டை உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரையில் சிகிச்சை உண்டு. பெருந்தமனி ஆபரேஷன்களும் அதில் சேரும். அட்டையைப் பீரோவில் நகைப் பெட்டிக்கு அடியில் வைக்காமல், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.

பொய் சொன்ன டாக்டர்

இப்போது மறுபடி டிபேக்கிக்கு வருவோம். 2005 டிசம்பர் 31-ந் தேதி. அவருக்கு வயது 97. வீட்டில் தனியாக உட்கார்ந்து ஒரு சொற்பொழிவுக்குக் குறிப்பு எழுதிக் கொண்டிருந்தார். திடீரென்று மார்பிலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் தாங்க முடியாத வலி, கழுத்துக்கு ஏறியது. முதலில் மாரடைப்பு என்று நினைத்தார். பிறகு புரிந்துவிட்டது. ஆயிரக் கணக்கான பேருக்குத் தாம் தைத்த அதே குழாய் தமக்கே கிழிந்துவிட்டது!

மனைவி காட்ரினும் மகளும் வந்து பார்த்தபோது அந்த மகா நிபுணர் என்ன சொன்னார் தெரியுமா? ஏதோ சதைப் பிடிப்பு என்று சொல்லி மழுப்பினார்! மனைவி பயந்துவிடக் கூடாதாம். உலகத்துக் கணவன்மார்கள் எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலிருக்கிறது.

சில தினங்களில் ஸ்கான் எடுத்து உறுதி செய்தார்கள். ஆபரேஷன் வேண்டாம் என்றார் அவர். இந்த வயதில் பிழைத்தாலும் படுத்த படுக்கையாகிவிடுவோம் என்ற பயம். நாளுக்கு நாள் வீக்கம் பெரிதாயிற்று. பிப்ரவரி 9-ந் தேதி நினைவு தவறும் நிலைக்கு வந்துவிட்டார். நோயாளி முன்பு வேண்டாமென்று சொன்ன ஆபரேஷனை இப்போது செய்வது தர்மமா என்று ஆஸ்பத்திரியின் ஆலோசனைக் குழு இரவில் கூடி வாதம் செய்தது. நேரம் போய்க் கொண்டே இருந்தது. அப்போது கதவைத் தள்ளிக் கொண்டு உள்ளே போனார் காட்ரின் அம்மையார். நீங்கள் பேசி முடிப்பதற்குள் என் கணவர் போய்விடுவார், வேலையை ஆரம்பியுங்கள் என்று ஒரே போடாகப் போட்டார்.

ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. செய்தவர் அவருடைய நெடுநாள் சகாவான ஜார்ஜ் நூன். கிழவரின் மார்புக்குள் வைத்தது டேக்ரான் குழாய். தேறுவதற்கு மாதங்கள் பிடித்தன. மூச்சுக் குழாயில் யந்திரம், சிறுநீரகத்துக்கு யந்திரம் என்று எல்லாம் பட்டார். ஆனால் மீண்டு வந்தார். மறுபடி வேலைக்குப் போனார். ஆபரேஷன் செய்தது நல்லதற்கே என்று பிறகு சொன்னார். நூறு வயதுக்கு இரண்டு மாதம் இருக்கையில், 2008 ஜூலை 11-ந் தேதி காலமானார்.

முதல் மனைவியின் தையல் மிஷினில் குழாய் பிறந்தது. இரண்டாவது மனைவியின் பிடிவாதத்தால் அது அவருக்கே உதவிற்று.

நெடிய விரல்கள்

இந்த வியாதி கிழவர்களுக்குத்தான் வரும் என்று எண்ணிவிடாதீர்கள். ஃப்ளோ ஹைமன் என்ற அமெரிக்க வாலிபால் வீராங்கனை, 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் வெள்ளிப் பதக்கம் வாங்கிய குழுவில் விளையாடியவர். உயரம் ஆறடி ஐந்தங்குலம். 1986 ஜனவரி 24-ந் தேதி ஜப்பானில் ஒரு பந்தயத்தில், ஆட்டத்தின் நடுவே பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வயது 31. மாரடைப்பு என்றார்கள். குடும்பத்தார் அதோடு விடவில்லை. பரிசோதனை செய்யச் சொன்னார்கள். பெருந்தமனி கிழிந்திருந்தது. காரணம், 'மார்ஃபான்' என்ற பிறவிக் குறை. உடனே அவருடைய தம்பியைச் சோதித்ததில் அவருக்கும் அதே குறை. ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார்கள். அக்காள் போனாள், ஆனால் தம்பியைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மார்ஃபான் ஏறக்குறைய ஐயாயிரம் பேரில் ஒருவருக்கு உண்டு. நல்ல உயரம், நீண்ட கைகால், நெடிய மெல்லிய விரல்கள், கிட்டப் பார்வை, முன்தள்ளிய அல்லது குழிந்த மார்பு ஆகியவை அடையாளம். கட்டை விரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்தால் விரல் நுனி மறு பக்கம் வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். உயரமாக இருக்கிற எல்லாருக்கும் வியாதி என்று அர்த்தமில்லை. உங்கள் பெண்ணின் விரலைப் பார்த்து இன்றிரவு தூக்கத்தைக் கெடுத்துக் கொள்ளாதீர்கள். ஆனால் பல அடையாளம் சேர்ந்து இருந்தாலும், குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தாலும், ஒரு தடவை 'எக்கோ' எடுத்துப் பார்த்துவிடுங்கள். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி சந்தர்ப்பம் உண்டு. இந்தக் குறையுள்ள பெண்களுக்குக் கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் ஆபத்து அதிகம். ஆகையால் கர்ப்பம் தரிக்கு முன்பே டாக்டரைக் கலந்து கொள்ள வேண்டும். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று இதை மறைக்கிற தாய்மார்கள் ஒரு கணம் யோசிக்கட்டும்.

வீடு திரும்பிய பிறகு

ஆபரேஷன் முடிந்து வந்தவரை எப்படிப் பார்த்துக் கொள்வது? மார்பெலும்பு கூடுவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம், காஸ் சிலிண்டர், பேரக் குழந்தை எதையும் தூக்கக் கூடாது, ஸ்கூட்டரும் கூடாது. உலோக வால்வு வைத்தவர் பக்கத்தில் ராத்திரி நிசப்தத்தில் படுத்தால், கைக்கடிகாரம் போல் 'டிக் டிக்' என்று கேட்கும். பயப்பட வேண்டாம், அது நல்ல சத்தம். சில நாளில் அது கேட்டால்தான் உங்களுக்குத் தூக்கமே வரும்!

அந்த வால்வு உள்ளவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும். அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்து மாத்திரையின் அளவைச் சரி பார்ப்பார்கள். இங்கே சமையலறைக்கும் பங்கு உண்டு. கீரையில் உள்ள ஒரு வைட்டமின் அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். கீரையே ஆகாது என்பதில்லை. ஒரு வாரம் தினம் கீரை, மறு வாரம் கீரையே இல்லை என்று செய்யாமல், ஒரே அளவாகச் சமைக்க வேண்டும். பல் பிடுங்கப் போனாலும், தலைவலி மாத்திரை வாங்கினாலும், இந்த மருந்து சாப்பிடுவதை முதலில் சொல்ல வேண்டும். பெண்களானால் மாதவிலக்கு அதிகமாகலாம். கர்ப்பத்தில் இந்த மாத்திரை குழந்தைக்குக் கெடுதல் செய்யும். வெறும் குழாய் மட்டும் வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. ஆனால் ரத்தக் கொதிப்பு மாத்திரையும், டாக்டர் சொன்ன தவணைக்கு ஸ்கானும் எல்லோருக்கும் உண்டு. ஓரிடத்தில் தைத்த குழாய் வேறிடத்தில் வீங்காது என்று யாரும் உறுதி தர முடியாது.

கடைசியாக, வீட்டு எஜமானிகளுக்கு. இந்த வியாதி கண்டவர்களில் மூன்றில் ஒருவர் பெண். அவர்களுக்கு நோய் தாமதமாகத் தெரிகிறது, இறப்பும் ஆண்களைவிட அதிகம் என்று அந்தச் சர்வதேசப் பதிவேடே 2004-ல் எடுத்துக் காட்டிற்று. காரணம் சொல்ல வேண்டுமா? கணவனுக்கு வலி வந்தால் மோர் கரைத்துக் கொடுக்க ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு வலி வந்தால், 'அடுப்பில் பால் இருக்கிறது, இறக்கி வைத்துவிட்டு வருகிறேன்' என்கிறாள்.

2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், பதினைந்து வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 21 பேருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. பெருந்தமனி கிழிவதற்கு முதன்மையான காரணம் அதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்காமல் பார்த்துச் சொல்கிறார்கள். இரண்டு நிமிஷ வேலை. இந்த வாரம் வீட்டுக்காரரை அழைத்துக் கொண்டு போங்கள். அவருக்குப் பார்த்து முடித்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். வளையலைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கொண்டு நீங்களும் கையை நீட்டுங்கள்.